தடுத்தவை எத்தனை?

எங்கள் மகனுக்கு வயது பன்னிரண்டு. பள்ளிக்கூடத்து ஹாக்கி அணியில் அவன் கோல் காவலன். அவனாக விரும்பி ஏற்றுக்கொண்ட இடம் அன்று அது. ஓட்டத்தில் சற்றுப் பிந்துகிறவன். ஆகையால், "நீ போய்க் கோலில் நில்" என்று மற்றப் பிள்ளைகள் அவனை அங்கே நிறுத்திவிட்டார்கள். சென்ற மழைக்காலம் முடிந்தபின் நடந்த ஓர் ஆட்டத்தில் அவன் அணி ஐந்து கோல் வாங்கித் தோற்றது. மாலையில் வீடு திரும்பியவன் காலணியைக் கழற்றுமுன்பே, "எத்தனை கோல் விட்டாய்?" என்று கேட்டோம். "ஐந்து" என்றான். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "இனிமேல் நான் விளையாடப் போவதில்லை" என்று சொல்லி, மட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

பிள்ளையிடம் அப்படிக் கேட்டது எத்துணைப் பிழை என்பதை நாங்கள் உணர்ந்தது சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். அதனை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

புனேயில் வாழும் தமிழருக்கு ஹாக்கி அயலார் ஆட்டம் அன்று. கட்கியில், பெரியவர்கள் இன்றும் கிர்க்கி என்று சொல்லும் அந்தப் பகுதியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை நம்பிவந்து குடியேறிய நம்மவர் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய ஒரு குடும்பத்தில், தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்த ஒரு தந்தைக்கு, 1968ஆம் ஆண்டில் பிறந்தவர்தாம் தன்ராஜ் பிள்ளை. 1992 முதல் 2004 வரையில் நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். பந்தோடு அவர் பாய்ந்த வேகத்தைப் பற்றிப் பேசாத தமிழ் வீடு கட்கியில் இராது. ஆகவே, நம் பிள்ளைகளில் மட்டையைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவனும் தன்ராஜ் ஆகவே ஆசைப்படுகிறான். கோலுக்கு முன்னால் நிற்க ஆசைப்படுகிறவன் எவன்? எஞ்சி நிற்பவனைத்தான் அங்கே அனுப்புகிறார்கள்.

எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் கட்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். இளமையில் அவரும் கோல் காவலராக நின்றவரே. மட்டை கட்டிலுக்கடியில் போன செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. "தம்பி, ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா. நீ விளையாட வேண்டாம், சும்மா பார்த்தால் போதும்" என்று பையனிடம் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். நீங்கள்தாம் முக்கியமாகப் பார்க்க வேண்டும்" என்றார்.

அவ்வாறே லோனாவாலா செல்லும் லோக்கல் வண்டியில் ஏறிப் பிம்பிரியில் இறங்கி, நேரு நகரில் உள்ள மேஜர் தியான்சந்த் ஹாக்கி மைதானத்துக்குச் சென்றோம். 2021 டிசம்பரில் ஆடவர் தேசியப் போட்டி நடைபெற்ற மைதானம் அது; தமிழ்நாட்டு அணியும் அப்போது அங்கே வந்து ஆடியிருக்கிறது. நாங்கள் சென்ற அன்று போட்டி ஒன்றும் இல்லை. ஓர் அணியின் பயிற்சி மட்டுமே. நம் நாட்டில் ரயில்வே, ராணுவம், காவல் துறை, எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள் போன்றவை ஆட்டக்காரர்களுக்கு வேலையும் சம்பளமும் தந்து அணிகளை வைத்திருக்கின்றன அல்லவா? அத்தகைய அணிகளில் ஒன்று அது. ஆட்டமே அவர்களுக்குப் பிழைப்பு.

செயற்கைப் புல்தரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தரை நனைந்திருந்தால்தான் பந்து சீராக உருளும், விழுகிறவனுக்கும் தோல் உரியாது என்று பெரியவர் விளக்கினார். மற்ற ஆட்டக்காரர்கள் வந்து சேருமுன்பே கோல் காவலர் இருவர் ஒரு மூலையில் உட்கார்ந்து கவசம் பூட்டிக்கொண்டிருந்தனர். காலுக்குத் தடித்த பட்டைகள். பாதத்தின்மேல் பந்தை உதைப்பதற்கான கவசம். மார்புக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, இரு கைகளுக்கும் வெவ்வேறு வடிவில் ஒவ்வொன்று. கடைசியாக முகம் மறைக்கும் தலைக்கவசம். தாமாகக் கட்டிக்கொள்ள எட்டாத வார்களை ஒருவருக்கொருவர் இழுத்துக் கட்டிவிட்டார்கள். களத்தில் இவ்விருவரில் ஒருவருக்குத்தான் இடம் உண்டு. ஒருவர் ஆடினால் மற்றவர் வெளியே உட்கார வேண்டும். ஆயினும், போட்டியாளனுடைய வாரை அவர்கள் எவ்வளவு கவனத்தோடு இறுக்கினார்கள்! வார் தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை தட்டியும் பார்த்தார்கள்.

பயிற்சி தொடங்கியது. கோலின் அகலம் பன்னிரண்டடி; உயரம் ஏழடி. அதற்கு முன்னே, பதினாறு கெஜத் தொலைவில், வளைந்த கோடு ஒன்று இருக்கிறது. அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். அந்தக் கோட்டின் ஓரத்தில் பந்துகளை வரிசையாக வைத்துக்கொண்டு பயிற்சியாளரும் ஆட்டக்காரர் இருவரும் மாறி மாறி அடித்தார்கள். பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். கல்லைப் போன்ற கெட்டி. தேர்ந்த ஆட்டக்காரர் வீசும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தையும் கடக்கும். அந்த வேகத்தில், கோட்டிலிருந்து கோலுக்குள் செல்ல அதற்கு வேண்டிய நேரம் அரை வினாடிக்குச் சற்றே அதிகம். நாம் கண்ணிமைத்துத் திறப்பதற்குள் காவலர் பந்தின் திசையறிந்து, கையா காலா மட்டையா என்று தீர்மானித்து, அதனை நீட்டியும் ஆக வேண்டும்.

நாங்கள் எங்களை அறியாமலே எண்ணத் தொடங்கிவிட்டோம். நாற்பது பந்துகள் அடித்து முடித்தபோது, "ஒன்பது கோல்" என்றோம். பக்கத்தில் அமர்ந்திருந்த பையன் அதே வேளையில், "முப்பத்தொன்று" என்றான். அவன் தடுத்தவற்றை எண்ணியிருந்தான். பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், வேறொன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு முகம் சுண்டிவிட்டது.

அதன்பிறகுதான் நாங்கள் மெய்யாகவே பார்க்கத் தொடங்கினோம். பந்தைத் தடுத்தால் மட்டும் போதாது என்று அப்போது தெரிந்தது. தடுத்த பந்து எதிரியின் மட்டைக்கே போய்ச் சேர்ந்தால் தடுத்ததில் பயனில்லை. ஆகையால், ஆளில்லாத ஓரத்துக்கு அதனை உதைத்துவிட வேண்டும். பயிற்சியாளர் கோல் விழுந்ததற்காகக் காவலரைக் கடிந்துகொள்ளவில்லை. தடுத்த பந்து நடுவில் உருண்டபோதுதான் கடிந்துகொண்டார். இன்னொன்றும் கண்டோம். காவலர் அடிக்கடி மட்டையால் இருபக்கத்துக் கம்பங்களையும் தொட்டுப் பார்த்தார். திரும்பிப் பாராமலே தாம் நிற்கும் இடத்தை அறிந்துகொள்வதற்காம் அது. இடையறாது உரக்கப் பேசவும் செய்தார். தமக்கு முன்னால் நிற்பவர்களுக்கு, "இடப்பக்கம் போ, அவனை விடாதே, பந்து எனக்கு" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். களம் முழுவதையும் எந்நேரமும் எதிரே காண்பவர் அவர் ஒருவரே அல்லவா?

இடைவேளையில், படிக்கட்டில் அமர்ந்து பெரியவர் பழங்கதை சொன்னார். 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் இந்தியாவின் கோலைக் காத்தவர் சங்கர் லட்சுமண். மராட்டியக் காலாட்படையைச் சேர்ந்த சிப்பாய். 1964இல் டோக்கியோவில் நடந்த இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை நாம் 1–0 என்று வென்றோம். "அந்த ஒன்றைப் போட்டவர் மொகிந்தர் லால். சரி, அந்த சைபரைக் காத்தவர் யார்?" என்று பெரியவர் கேட்டார். 1966ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டில் அந்த லட்சுமணே அணித்தலைவராக நின்று தங்கம் வென்றார்.

"பழியும் இந்த இடத்துக்குத்தான் வரும், தம்பி" என்று சொல்லி, 1982ஆம் ஆண்டின் கதைக்கு வந்தார். டில்லி ஆசிய விளையாட்டின் இறுதியில் பாகிஸ்தானிடம் இந்தியா 7–1 என்று தோற்றது. கோலில் நின்றவர் மீர் ரஞ்சன் நேகி. களத்தில் இருந்தவர்கள் பதினொருவர். ஆனால் பழி ஒருவர்மேலேயே விழுந்தது. பணம் வாங்கிக்கொண்டு தோற்றார் என்றுகூடத் தூற்றினார்கள். அவர் அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு, பின்னாளில் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். 1998இல் பாங்காக்கில், தென்கொரியாவை வென்று, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆசியத் தங்கத்தை இந்தியா மீட்டதே, அந்த அணியின் கோல் காவலர்களுக்குப் பயிற்சி தந்தவர் அதே நேகிதாம். இறுதியில் பெனால்டி அடிகளைத் தடுத்து வெற்றி தேடித்தந்தவர் ஆஷிஷ் பல்லால். அணித்தலைவரோ நம் கட்கியின் தன்ராஜ் பிள்ளை! "தன்ராஜ் தங்கம் வாங்கினார் என்று ஊரெல்லாம் சொல்லுகிறோம். பின்னால் நின்றவரைச் சொல்லுகிறோமா?" என்று பெரியவர் முடித்தார்.

அண்மைக் காலத்து ஸ்ரீஜேஷை நாங்களே அறிவோம். கேரளத்தில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குக் கவசம் வாங்கித் தருவதற்காகத் தந்தை பசுவை விற்றார் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். 2021 ஆகஸ்டில் டோக்கியோவில், ஜெர்மனிக்கு எதிராக இந்தியா 5–4 என்று முன்னணியில் இருக்க, ஆட்டம் முடியச் சில வினாடிகளே எஞ்சியிருந்தபோது வந்த பெனால்டி கார்னரை அவர் தடுத்தார். நாற்பத்தோராண்டு கழித்து ஒலிம்பிக் ஹாக்கியில் நமக்குப் பதக்கம் வந்தது. அன்று அவர் நான்கு கோல் விட்டவர் என்று எவரேனும் நினைவுகூருகிறார்களா?

பயிற்சி முடிந்து காவலர்கள் தலைக்கவசத்தைக் கழற்றியபோது, பெரியவர் பையனை அழைத்துக்கொண்டு வேலியருகே போனார். மூத்த காவலர் நின்று பேசினார். பையன் தயங்கித் தயங்கி இந்தியில் கேட்டான்: "கோல் விழுந்தால் என்ன செய்வீர்கள்?"

அவர் சிரிக்கவில்லை. "திரும்பி வலையைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் பயம் வரும். பயம் வந்தால் கால் தானாகவே ஓரடி பின்னால் போகும். நீ பின்னால் போகப் போக, அடிக்கிறவனுக்குக் கோல் பெரிதாகத் தெரியும். ஆகவே, கோல் விழுந்தவுடன் ஓரடி முன்னால் வந்து நிற்பேன்" என்றார். பின்பு, "உங்கள் பள்ளியில் தலைக்கவசம் தலைக்குப் பொருத்தமாக இருக்கிறதா?" என்று கேட்டார். "ஆடுகிறது" என்றான் பையன். "அதை முதலில் சரிசெய்யச் சொல். அதற்கப்புறம்தான் மற்றது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் வண்டியில் நாங்கள் அதிகம் பேசவில்லை. எங்கள் வீட்டு வாழ்வும் இத்தகையதுதானே என்று தோன்றியது. அலுவலகத்தில் ஆண்டெல்லாம் பிழையின்றி எழுதிய பக்கங்களை எவரும் புரட்டிப் பாராட்டுவதில்லை. ஓர் இலக்கம் மாறினால் அன்றே விளக்கம் கேட்கிறார்கள். சமையற்கட்டில் உப்புச் சரியாக இருந்த நாளில் வாய்ச்சொல் ஒன்றும் வருவதில்லை. ஒரு கல் கூடிவிட்டால் உடனே வருகிறது. இதனை நாள்தோறும் பட்டு அறிந்த நாங்களே பெற்ற பிள்ளையிடம் அதே கணக்கைக் கேட்டோம்.

அந்த வாரத்திலேயே பள்ளி ஆசிரியரைப் பார்த்துத் தலைக்கவசத்தைப் பற்றிப் பேசினோம். உள்ளே மெத்தை வைத்துத் தைத்து, தாடைவாரும் மாற்றியாயிற்று. மட்டை கட்டிலுக்கடியிலிருந்து எப்போது வெளியே வந்தது என்பதை நாங்கள் பார்க்கவில்லை. பார்த்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

அடுத்த ஆட்டத்திலும் அவன் அணி தோற்றது. 3–2. வீட்டுக்கு வந்தவனிடம், "எத்தனை தடுத்தாய்?" என்று கேட்டோம். அவன் ஒரு கணம் எங்கள் முகத்தைப் பார்த்தான். "பதினான்கு" என்றான். "அதில் ஒன்றை நடுவில் உதைத்துவிட்டேன். அதுதான் மூன்றாவது கோல்" என்று தானே சொன்னான். பின் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அன்பர்களே, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒழிவு கிடைத்தால், அருகில் உள்ள மைதானத்துக்குப் பிள்ளைகளோடு சென்று, கோல் காவலர் பயிற்சி செய்வதைச் சிறிது நேரம் பாருங்கள். பந்துகளை எண்ணுங்கள், உள்ளே போனவற்றையன்று, போகாதவற்றை.