அவலூர்பேட்டை வட்டாரத்து மணிகள்

செஞ்சியிலிருந்து வடமேற்கே போனால் பாறைக்குன்றுகளும் ஏரிகளும் மல்லாட்டைக் கொல்லைகளுமாக வழி நீளும். அந்த வழியில் இருக்கிறது அவலூர்பேட்டை. விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு இங்கே கூடும் வாரச்சந்தையும் சித்தகிரி முருகன் கோயிலின் பங்குனி உத்திரமும் முக்கியம். அமாவாசை வந்தால் கூட்டம் மேல்மலையனூர் அங்காளம்மன் பக்கம் திரும்பிவிடும்.

வடக்கே போகிற சாலை சேத்துப்பட்டில் சேர்கிறது. அங்கே லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ந்த கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். 1876–78 தாது வருஷப் பஞ்சக் காலத்தில் இந்தப் பகுதியில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் தாராஸ் எழுப்பிய ஆலயம் அது. கோயில் மணியும் தேவாலய மணியும் சேர்ந்தே நேரம் சொல்லிவந்த வட்டாரம் இது.

தேவாலய மணி கோயிலுக்குப் போன கதையும் உண்டு. செஞ்சியை 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி கைப்பற்றினார். அதே மராட்டியர் 1739இல் போர்த்துக்கீசியரிடமிருந்து வசாய் கோட்டையைப் பிடித்தபோது, தேவாலய மணிகளை உருக்கிவிடாமல் எடுத்துப்போய்க் கோயில்களில் கட்டினார்கள். நாசிக் நாரோசங்கர் கோயிலிலும் பீமாசங்கரிலும் அவை இன்றும் தொங்குகின்றன. நல்ல வெண்கலத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மணி வெண்கலத்தில் ஏறக்குறைய நாலு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். அது எளிதில் கெடாது. கெடுவது இரும்பும் மரமும்தான். நாக்கு தொங்கும் கொக்கி தேயும், உத்திரம் உளுக்கும், போல்ட் துருப்பிடிக்கும். நாக்கு பல ஆண்டுகள் ஒரே இடத்தில் அடித்து விளிம்பில் பள்ளம் விழும். அப்போது மணியைக் கழற்றிச் சற்றே திருப்பி மாட்டினால் போதும், அடி புது இடத்தில் விழும். விரிசல் விட்ட மணியில்தான் கணீரென்ற ஒலி போய்விடும். அதற்குச் சாதாரண வெல்டிங் வைப்பது பாவம். மணி முழுவதையும் சூடாக்கி, பற்றவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலை.

2019 தீ விபத்துக்குப் பிறகு பாரிஸ் நோத்ருதாம் பேராலய வடகோபுரத்தின் எட்டு மணிகளையும் இறக்கினார்கள். நார்மண்டியில் அவற்றை வார்த்த பட்டறைக்கே அனுப்பிச் சீர்செய்து, 2024 நவம்பர் 8 அன்று மறுபடி ஒலிக்கவிட்டார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆளை ஏற்றி போல்ட்டையும் உத்திரத்தையும் பார்க்கச் சொன்னாலே பாதி சேதம் தடுக்கப்படும்.

ஒலிபெருக்கியில் பதிவுசெய்த மணியோசை வந்துவிட்டதென்று பழைய மணியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர்க் கோபுரத்தில் மணி இருந்தால் அதில் பொறித்திருக்கும் ஆண்டையும் பெயரையும் படமெடுத்து வையுங்கள். ஊரில் நாலு பேரிடம் காட்டுங்கள்.