பரங்கியும் பானகமும்

1984-ஆம் ஆண்டு வேலூரை விட்டுப் பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் குடியேறிய எங்களுக்கு, இவ்வூர்க் கோடை ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரமன்றோ! ஆயினும் இராம நவமியன்று பானகம் கரைக்கும் வழக்கத்தை அன்னையார் கைவிடவில்லை. வெல்லம், எலுமிச்சைச் சாறு, சுக்கு, ஏலம்: அவர் அறிந்த பானகம் அவ்வளவே.

அடுத்த வீட்டுக் கன்னட அக்காவின் பானகமோ வேறு. கர்பூஜம் என்று அவர்கள் வழங்கும் முலாம்பழத்தை மசித்து, வெல்ல நீரில் கலந்து அளித்தார். "பானகத்தில் பழமா?" என்று முகம் சுளித்த நாங்கள், சிறிது நேரத்தில் இரண்டாம் குவளைக்குக் கை நீட்டினோம்.

மறு ஆண்டு இரு வீட்டாரும் ஒரே பானையில் கரைப்பதென்று முடிவாயிற்று. "பரங்கி ஒன்று வாங்கி வா" என்று எங்களுள் இளையவனை அக்கா அனுப்பினார். அவன் தோளில் சுமந்து வந்து இறக்கியது ஒரு பரங்கிக்காய்! அவர் கேட்டதோ பப்பாளி. கன்னடத்தில் அதற்குப் பரங்கி ஹண்ணு என்று பெயர். இரு வீட்டிலும் எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

எண்ணிப் பார்த்தால் இருவர் சொல்லும் சரியே. பரங்கிக்காயும் பப்பாளியும் அமெரிக்க மண்ணில் பிறந்து, ஐரோப்பியர் கடல் கடந்ததன் பின் நம் நாட்டை அடைந்தவை. அந்நியரைக் குறித்த சொல்லைத் தமிழர் காய்க்கு இட்டனர்; கன்னடர் கனிக்கு இட்டனர். அன்னாசியோ தன் பெயரையும் உடன் கொண்டே வந்து சேர்ந்தது.

அம்மூன்று கனிகளும் கூடியதே எங்கள் பானகம். 200 கிராம் வெல்லத்தை ஒன்றரை லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டுவோம். நன்கு பழுத்த முலாம்பழம் ஒன்றையும் பப்பாளிக் கீற்று ஒன்றையும் மசித்துச் சேர்ப்போம். அன்னாசியில் இரண்டு வட்டங்களைப் பொடியாக நறுக்கி இடுவோம். ஓர் எலுமிச்சையின் சாறும், ஏலமும், ஒரு சிட்டிகைச் சுக்கும் போதும். பால் மட்டும் கூடாது. பச்சை அன்னாசியிலுள்ள நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். பனிக்கட்டியும் வேண்டா. மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கொண்டு சென்றுவிடும்.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்நகரில் கலவரம் மூண்டது. தமிழர் பலர் வீடு துறந்து ஊர் திரும்பினர். நாங்களும் பெட்டிகளைக் கட்டி வைத்தோம். தாழிட்ட எங்கள் வீட்டிற்குப் பாலும் காய்கறியும் கொல்லைப்புறமாக அக்காவின் கையால் வந்தன. அமைதி திரும்பிற்று, ஆனால் வீதியில் வாய்விட்டுத் தமிழ் பேச அன்னையார் தயங்கினார். 1992 இராம நவமியன்று அவர் பானையை எடுக்கவே இல்லை.

முற்பகலில் கதவு தட்டப்பட்டது. கையில் பப்பாளியுடன் அக்கா நின்றிருந்தார். "பரங்கியை நானே கொண்டு வந்துவிட்டேன். உங்கள் பிள்ளையை நம்பி அனுப்ப முடியுமா?" என்றார். அன்னையார் சிரித்தார், உடனே அழுதார், பின்னர் பானையை எடுத்துக் கழுவினார். கட்டிய பெட்டிகளை அன்று மாலை அவிழ்த்தோம்.

2016 ஏப்ரலில் இந்நகர் 39.2 பாகை செல்சியஸ் வெப்பம் கண்டது. கோடையைக் கண்டு நகைத்த எங்களுக்குப் பானகம் இப்போது உண்மையாகவே தேவைப்படுகிறது. இன்றும் இராம நவமிக்கு முன்னாள், "பரங்கி வாங்கி வாருங்கள்" என்று மட்டும் சொல்லிப் பேரப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிறோம். பப்பாளி வந்தால் இவ்வூர் அவர்களுக்கு உரியதாயிற்று என்று மகிழ்கிறோம். பரங்கிக்காய் வந்தால் தமிழ் மறக்கவில்லை என்று மகிழ்கிறோம். சென்ற முறை இரண்டையும் வாங்கி வந்தனர்.