சாளரத்தின் வழியே ஓர் ஆட்சி

மேசையில் இருப்பது விண்டோஸ் கணினி. ஆளப்படுவதோ தொலைவிலுள்ள லினக்ஸ் வழங்கி. அவ்வொரு வழங்கியே பல மெய்நிகர்க் கணினிகளைத் தன்னுள் சுமந்து நிற்கின்றது. அவ்வாறு சுமப்பதற்கான கேவிஎம் என்னும் பொறிமுறை 2007ஆம் ஆண்டில் லினக்ஸின் உட்கருவோடு இணைக்கப்பெற்றது. ஆயின், அதனை ஆளும் வேர்ட்-மனேஜர் என்னும் வரைகலைக் கருவி லினக்ஸுக்கென எழுந்தது. விண்டோஸில் நேரே இயங்குவதன்று.

எனவே, விண்டோஸின் முன் அமர்ந்த நிருவாகிக்கு எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி வழியே பாலமாயிற்று. கடவுச்சொற்கள் களவாடப்பட்ட நிகழ்வொன்றின் பின்னர், 1995இல் பின்லாந்தில் தத்து இலோனன் அதனை ஆக்கினார். சைமன் டாதமின் புட்டி அதனை விண்டோஸ் மேசைக்குக் கொணர்ந்தது. 2018இல் விண்டோஸ் 10 அவ்வழியைத் தன் உறுப்பாகவே ஏற்றுக்கொண்டது.

பாலம் எளிதாயிற்று; பொறுப்பு எளிதாகவில்லை. ஒரே தோற்றமுடைய இரு கரிய சாளரங்கள் அருகருகே திறந்திருக்கின்றன. ஒன்று மெய்நிகர்க் கணினிக்குரியது, மற்றையது வழங்கிக்குரியது. முன்னையதற்கென எண்ணிய 'நிறுத்து' என்னும் ஆணை பின்னையதில் இடப்படுமாயின், அதன்மேல் நின்ற அனைத்தும் ஒருங்கே ஓய்ந்துவிடும். ஆணைக் குறியின் முன்னே கணினியின் பெயர் பெரும்பாலும் எழுதப்பட்டே இருக்கின்றது. விரல் விசையைத் தொடுமுன் அப்பெயரை ஒருமுறை வாசிப்பவனே நிருவாகி. ஏனையோர் தட்டச்சாளர் மட்டுமே.