எட்டும் தூரம்

மத்ரஸா மாணவர்களுடன் கரடியூர் காட்சிமுனைக்குச் சென்றிருந்தேன். "தூரத்து மானை வீழ்த்த எந்தத் துப்பாக்கி ஏற்றது, ஹஜ்ரத்?" என ஒருவன் வினவினான்.

அக்காலத்தில் வேட்டையாடிய என் பாட்டனார் புகழ்ந்த .315 ரைஃபிள் நினைவில் எழுந்தது: எட்டு மில்லிமீட்டர் குண்டு, ஈஷாப்பூர்த் தயாரிப்பு. பெருமையுடன் சொல்ல வாயெடுத்தவன், அவன் கண்களில் மின்னிய ஆசையைக் கண்டு நிறுத்திக்கொண்டேன்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு இறைவன் நம்பிக்கையாளர்களைச் சோதிப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 94ஆம் வசனம் உணர்த்துகிறது. அது இஹ்ராம் அணிந்தோருக்கு வந்த சோதனை. குண்டு எட்டும் தூரம் கூடும்போது சோதனையும் கூடுகிறதல்லவா?

"எட்டியும் தொடாத கையே ஏற்றது, தம்பி" என்றேன். அவ்விடை எனக்கும் சேர்த்தே.