ஆசிரியர் மாணாக்கரானமை

ஆண்டு முதிர்தலும் அறிவு முதிர்தலும் ஒன்றல்ல. குடும்பத் தலைமையும் அலுவலும் நெடுங்காலந் தாங்கி நின்ற ஆடவருள்ளத்தே, "இனி யாம் அறியவேண்டுவது யாதுளது" என்னும் எண்ணம் எளிதிற் குடிபுகும். புகுந்தவழி வளர்ச்சி அம்மட்டோடு நின்றொழியும். இதனைத் தெளிதற்குச் சந்தானாசாரியர் நால்வருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியர் வரலாறு சாலும்.

13-ஆம் நூற்றாண்டில் திருத்துறையூரில் விளங்கிய அப்பெரியார், ஆகமங்களை முற்ற ஓதியுணர்ந்தமையாற் சகலாகம பண்டிதர் எனப்பட்டார். மெய்கண்டார் தோன்றிய குடிக்குக் குலகுருவும் அவரே. இளம்பிள்ளையாகிய மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் ஞானோபதேசஞ் செய்வதையும், தம் மாணாக்கர் அவர்பாற் செல்வதையும் அறிந்து, வெகுண்டு ஆண்டுச் சென்றார். அப்பொழுது ஆணவமல விளக்கம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஆணவத்தின் சொரூபம் யாதெனப் பண்டிதர் வினவினார். மெய்கண்டார் விடையொன்றுங் கூறாது, அவரை அடிமுதல் முடிகாறும் நோக்கினார் என்பது மரபு. நூலிற் பன்முறை கற்ற பொருளைப் பண்டிதர் தம்மிடத்தே அப்பொழுதுதான் கண்டார். கண்டு, அவ்விளங் குரவர் திருவடியில் வீழ்ந்தார்.

அந்நோக்கினை அவமதிப்பென்று கொண்டு மீளுதலும் அவர்க்கு எளிதே. உலகம் அவரைக் குறைகூறியிராது. சகலாகம பண்டிதராகவே வாழ்நாளைக் கழித்திருப்பர். தன்னை ஆராய்வார்க்குக் குற்றம் புலனாம். புலனாய குற்றத்தைப் பொறுத்து நிற்றற்கோ குருவருளில் நம்பிக்கை வேண்டும். ஆராய்ச்சி மாத்திரமுடையார் நாணத்தாற் சோர்வர். நம்பிக்கை மாத்திரமுடையார் தங் குற்றங் காணார். இரண்டும் ஒருங்கு கூடிய இடத்தே பண்டிதர் அருணந்தியாயினார்.

முன்னர்க் கற்ற கல்வியும் வீண்போயிற்றில்லை. சிவஞானபோதத்து 12 சூத்திரங்களின் பொருளை விரிக்குஞ் சிவஞான சித்தியாருக்கு அதுவே துணையாயிற்று. செருக்குக்குக் கருவியாயிருந்த கல்வி தொண்டுக்குக் கருவியாயிற்று என்க. 20 பாக்களாலாகிய இருபா இருபஃதில் அவர் மெய்கண்டாரை முன்னிலைப்படுத்தி வினவும் மாணாக்கராகவே நிற்கின்றார். ஆணவத்தின் குணங்களை எட்டாக வகுத்து, மதத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

வீழ்ந்து வணங்கிய அன்றே எல்லாம் முடிந்ததோவெனின், அன்று. ஆணவம் அநாதி, முத்தியினும் அதன் சத்தி ஒடுங்குவதன்றி அஃது அழிவதில்லை என்பது சித்தாந்தம். ஞாயிற்றின் முன் இருள் அடங்கியிருத்தல் போல, திருவருளின் முன் அஃது அடங்கியிருக்கும். ஆகலின், உடம்பொடு வாழுங்காறும் விழிப்பு இன்றியமையாதது.

மகனேனும் மாணாக்கனேனும் ஒரு பிழையைச் சுட்டுங்கால் முகஞ் சிவக்கின்றதோ என்று முதியோர் நோக்குக. சிவந்ததாயின், ஆணவத்தின் சொரூபம் யாது என்னும் வினாவிற்கு விடை ஆண்டே உளது. அதனைக் கண்டு இறைவன் திருவடியை நினைப்பார்க்கு அறுபதாம் ஆண்டும் கல்வித் தொடக்கமேயாம்.

திருச்சிற்றம்பலம்.