இடம் காலி பண்ணின கதை

பிசான அறுப்பு முடிந்து, வைக்கோலும் படப்பு ஏறியாச்சு. பங்குனி வெயிலுக்குப் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை ஒன்றை அப்போதுதான் கையில் எடுத்தேன். வயல் வேலை இல்லை, லேப்டாப் வேலை. சி டிரைவ் சிவப்பாகி, 4 ஜிபிதான் பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒரு போட்டோவைத் திறந்தால் காப்பி குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும்.

512 ஜிபி என்று சொல்லி விற்ற லேப்டாப். உள்ளே பார்த்தால் 476 என்றுதான் காட்டும். ஏமாற்று இல்லையாம். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. எங்கள் பக்கம் நெல் அளக்கிற கதைதான். 21 மரக்கால் ஒரு கோட்டை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் யார் வீட்டு மரக்கால் என்பதில்தான் சண்டையே வரும்.

ஒரு சம்சாரிக்கு 400 ஜிபிக்கு என்ன இருக்கப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாற்று விட்ட நாளிலிருந்து அறுப்பு வரை வாரம் ஒரு தடவை அதே வரப்பில் நின்று எடுத்த படங்கள், குருத்துப்பூச்சி விழுந்த தூர், காற்றுக்குச் சாய்ந்த வாழை, ஸ்கேன் பண்ணின பத்திரம், அடங்கல். அப்புறம் மகன் வாங்கித் தந்த போனில் எடுத்த வீடியோக்கள். 4கே-யில் ஒரு நிமிஷம் ஓடினால் 300, 400 எம்பி போய்விடும். எனக்கு அது தெரியாது. கால்வாயில் தண்ணீர் வருகிற அழகை பத்து நிமிஷம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இது எல்லாம் போனாலும் போகட்டும். ‘அப்பா’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. 2019-இல் அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசச் சொல்லி எடுத்தது, மொத்தம் 11 வீடியோ. 2021-இல் அப்பா போய்விட்டார்கள்.

எங்கள் வயல் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தாமிரபரணியில் இருக்கிற எட்டு அணைக்கட்டில் ஒன்றிலிருந்து பிரிகிற கால். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தொடங்கி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் போய் 12,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. எந்த மடைக்கு அப்புறம் எந்த மடை, தண்ணீர் குறைந்த வருஷம் யாருக்கு எத்தனை நாழிகை, யார் வயலுக்குள்ளே விட்டு யார் வயலுக்குப் பாய வேண்டும் என்பதெல்லாம் எந்த ஆபீஸ் கணக்கிலும் முழுசாக இருக்காது. அப்பா தலைக்குள்ளே இருந்தது. ஒரு வீடியோவில் 40 நிமிஷம் அதை மட்டும் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள்.

மகனிடம் சொன்னேன். அவன் பெங்களூரில் இருக்கிறான். “யப்பா, கிளவுடுல போட்டுட்டா கவலையில்ல, ஆனா மாசாமாசம் கட்டணும். நம்ம ஊரு நெட்டுல 400 ஜிபி ஏத்தி முடிக்கதுக்குள்ள கார் நடவு வந்துரும். வீட்டுக்கே ஒரு நெட்வொர்க் டிரைவ் வாங்கிருவோம்” என்றான்.

வந்தது ஒரு சின்னப் பெட்டி. மரக்கால் அளவுதான் இருக்கும். உள்ளே 4 டெராபைட் டிஸ்க் ரெண்டு. அதை ரூட்டரில் வயர் போட்டு மாட்டிவிட்டால் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தும், போனில் இருந்தும் திறக்கலாம். லேப்டாப்பில் ‘இசட்’ என்று இன்னொரு டிரைவ் மாதிரியே தெரியும். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று காப்பாற்றும். இரட்டை மாட்டு வண்டி என்று மனதில் வைத்துக்கொண்டேன். இந்த உவமைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

முதல் நாள் வைஃபையிலே இழுத்தேன். எங்கள் வீடு தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். பட்டாசலில் இருக்கிற ரூட்டர் சிக்னல் உள் அறைக்கு வரும்போது மூச்சு வாங்கும். வயர் போட்டேன். அப்பவும் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. கணக்குப் போட்டால் 390 ஜிபிக்குப் பத்து மணி நேரம். மகன் போனிலேயே கண்டுபிடித்தான். ரூட்டரின் பின்பக்கத் துளைகள் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போகாத வகை. டவுனுக்குப் போய் ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வாங்கிவந்து, பெட்டியையும் லேப்டாப்பையும் அதில் மாட்டினதும் நொடிக்கு 100-ஐத் தாண்டியது. பெரிய வீடியோக்கள் கண்முன்னாலே பறந்தன. சின்னச் சின்னப் போட்டோக்கள்தான் ஊர்ந்தன. நெல்லை மூட்டையாகத் தூக்குவதற்கும் மணிமணியாகப் பொறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் யாராவது இந்த வேலையில் இறங்கினால் முதலில் ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். பெட்டியைத் திட்டாதீர்கள்.

மகன் ஒன்று சொல்லியிருந்தான். “காப்பி பண்ணுங்க, கட் பண்ணாதீய. திறந்து பாத்துட்டு, ஒரு வாரம் கழிச்சு அழிங்க.” சரி என்றேன். ஆனால் சிவப்புக் கோடு நீலமாக மாறுவதைப் பார்க்கிற ஆசை இருக்கிறதே! சாயங்காலத்துக்குள் லேப்டாப்பில் எல்லாவற்றையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிவிட்டேன். 380 ஜிபி காலி. அறுத்து முடித்த வயல் மாதிரி அகலமாகத் தெரிந்தது. அன்றைக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் பெட்டிக்குள்ளே ஒழுங்குபடுத்தப் போனேன். ‘அப்பா’ என்று ஒன்று, ‘அப்பா புதுசு’ என்று ஒன்று. போனிலிருந்து ரெண்டு தடவை இறக்கியிருந்தேன் போல. ரெண்டும் ஒன்றுதானே, புதுசு இருக்கட்டும் என்று பழசை அழித்தேன். ‘நிரந்தரமாக அழிக்கவா’ என்று கேட்டது. எதற்குத்தான் அது கேட்காமல் இருந்திருக்கிறது? ஆமா என்று அமுக்கினேன்.

பழசில் 11. புதுசில் 7.

குப்பைத்தொட்டியைத் திறந்தேன், வெறுமை. லேப்டாப்பில் அழித்தால் லேப்டாப் குப்பைத்தொட்டிக்குப் போகும். நெட்வொர்க் டிரைவில் அழித்தால் அங்கே வராது, நேரே போய்விடும். பெட்டிக்கு என்று தனிக் குப்பைத்தொட்டி உண்டாம், அதை நாமாக அமைப்பில் போய் இயக்க வேண்டுமாம். நான் இயக்கவில்லை.

மகனுக்குப் போன் போட்டு, “ரெண்டு டிஸ்க் இருக்குல்லா, இன்னொண்ணுல இருக்கும்லா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான். எழுதினால் ரெண்டிலும் எழுதும், அழித்தாலும் ரெண்டிலும் அழியும். ஒரே நுகத்தடியில் பூட்டின மாடு ரெண்டும் ஒரே பள்ளத்தில்தானே விழும். டிஸ்க் கெட்டுப்போவதற்குத்தான் அந்த ஏற்பாடு. நம் கை கெட்டுப்போவதற்கு இல்லை.

லேப்டாப்பிலிருந்து மீட்கலாமா என்று அவன் தூரத்தில் இருந்தபடியே உள்ளே வந்து ஏதேதோ ஓட்டினான். பழைய சுழல்கிற ஹார்ட் டிஸ்க் என்றால் அழித்தது கொஞ்ச நாள் அடியில் கிடக்கும். எஸ்எஸ்டி அப்படி இல்லை. அழித்த இடத்தை உடனே துடைத்து, அடுத்த எழுத்துக்குத் தயாராக வைத்துவிடும். காலி பண்ணச் சொன்னோம், அது உண்மையாகவே காலி பண்ணியிருந்தது.

அக்காவிடம் கேட்டேன். ஏரலில் இருக்கிறாள். வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பினதில் மூன்று கிடைத்தது. முகம் கொஞ்சம் கலங்கியிருந்தாலும் குரல் இருந்தது. அந்த 40 நிமிஷ வீடியோ மட்டும் இல்லை. பெரிசாக இருந்ததால் அதை நான் அனுப்பவே இல்லை.

“உன் பெட்டியில போனது ஒண்ணு. என் வீட்டுல போனது எத்தனைன்னு நினைக்க?” என்றாள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஏரலுக்குள் ஆறு புகுந்தபோது அவள் வீட்டில் கல்யாண ஆல்பம், பிள்ளைகள் சர்ட்டிபிகேட், கம்ப்யூட்டர் எல்லாம் சேற்றோடு போயிற்று. ஆல்பத்தை வெயிலில் பிரித்துக் காயவைத்தாள். படத்தோடு படம் ஒட்டி, பிரிக்கப் பிரிக்க முகம் உரிந்து வந்தது.

இந்த ஆறு புதுசாக ஒன்றும் செய்துவிடவில்லை. உ.வே.சா. ஏடு தேடித் திருநெல்வேலிப் பக்கம் வந்தபோது, ஒரு வீட்டில் பழைய ஏடுகளையெல்லாம் ஆடிப் பதினெட்டில் வெள்ளத்தோடு விட்டுவிட்டோம் என்று சொன்னதை ‘என் சரித்திரம்’ புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் கோயில் ஏடுகள் தீயில் போன கதையும் அதில் உண்டு. படிக்கும்போது அந்த வீட்டுக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். இப்போது வருவதில்லை. அவர்களும் வீட்டில் இடம் காலி பண்ணியிருப்பார்கள், அவ்வளவுதான்.

விதைநெல் விஷயத்தில் நாங்கள் இப்படி இருந்ததில்லை. அப்பா வைக்கோல் பிரி சுற்றி விதைக்கோட்டை கட்டி, ஒன்றை வீட்டில் வைத்து, ஒன்றைச் சித்தப்பா வீட்டில் கொடுத்துவைப்பார்கள். அவர்களுடையது எங்கள் வீட்டில் இருக்கும். எலி, மழை, தீ எது வந்தாலும் ஒரு வீட்டுக்குத்தான் வரும் என்ற கணக்கு.

இப்போது பெட்டியின் குப்பைத்தொட்டியை இயக்கியாச்சு. தினம் ராத்திரி ஒரு தடவை இருந்தது இருந்தபடி பதிந்து வைக்கிற வசதியும் போட்டாச்சு. கரண்டு போனால் பாதி எழுத்தில் நிற்காமல் இருக்க ஒரு யுபிஎஸ். மாதம் ஒருமுறை தனியாக ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் எல்லாவற்றையும் இறக்கி, வயரைக் கழற்றிவிடுகிறேன். கழற்றினால்தான் என் கை அதுவரை எட்டாது. அந்த டிஸ்க்கை அக்கா வீட்டு மாடியில் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். “ரெண்டு வீடும் ஒரே ஆத்தங்கரைதான யப்பா?” என்றான் மகன். அதனால் ஒன்று பெங்களூர் போகிறது. அவன் ஊருக்கு வரும்போது மாற்றிக்கொள்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க் கரையில் நடந்தேன். அவர்களுக்கு 81 வயசு. ஒவ்வொரு மடையாக நின்று சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டே போனேன். ஆலமரத்து மடைக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள்.

“இதுக்கு அப்புறம் கோயில் மடையா, கல்லு மடையா? தண்ணி குறைஞ்ச வருஷம் மாத்தி விடுவோம். உங்கப்பா எப்பிடிச் சொல்லுவாரு, ஏலே? அந்தப் படத்துல சொல்லியிருப்பாருல்லா, போட்டுக் காட்டு பாப்போம்.”

போனைக் கீழே இறக்கிவிட்டேன். “அது இல்ல சித்தப்பா” என்றேன்.