குழுப்படமும் கடைவரிசையும்

பலரை ஒருங்கே நிறுத்திப் புகைப்படம் எடுத்தல் எளிய காரியமென்று அநேகர் எண்ணுவர். எல்லோரையும் படத்துள் அடக்குவது எளிதே. எல்லோர் முகத்தையும் தெளிவாகப் பெறுவதுதான் அரிது. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள என் சுற்றத்தார் தம் இல்ல விசேஷங்களுக்கு என்னைக் காமிராவுடன் அழைப்பது வழக்கமாதலால், இவ்விஷயத்தில் யான் அறிந்த சிலவற்றை நேயர்களுக்கு உரைக்க விரும்புகிறேன்.

எங்கள் இராஜபாளையத்து இல்லத்தில் பழைய கலியாணப் படம் ஒன்று உண்டு. நாற்காலிகளில் வீற்றிருக்கும் பெரியோரின் அங்கவஸ்திரக் கரைகூடத் துலங்கும்; பெஞ்சியின்மேல் நிற்கும் கடைவரிசையோ புகைபோல் மங்கிக் கிடக்கும். என் பாட்டியாரின் தமையனார் அவ்வரிசையில் நின்றவர். அவருக்கு வேறு படமில்லை. 'இவர்தாம்' என்று விரல்வைத்துக் காட்டவல்ல பாட்டியாரும் இன்று இல்லை.

இதன் காரணம் யாது? வில்லையானது ஒரே தூரத்தையே முற்றும் கூர்மையாகக் காட்டும். அதன் முன்னும் பின்னும் சிறிது இடம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும். அவ்விடத்தின் அளவு பெரும்பாலும் துவாரத்தைப் பொறுத்தது. 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவில் 50 மில்லிமீட்டர் வில்லையை 5 மீட்டர் தூரத்துக்குத் திருத்தினால், எஃப் 2 துவாரத்தில் சுமார் 4.5 முதல் 5.7 மீட்டர் வரையே தெளிவு. எஃப் 8 துவாரத்திலோ சுமார் 3.4 முதல் 9.6 மீட்டர் வரை. பின்புறமே தெளிவு மிகுதியாதலின், மூன்று வரிசைகளாயின் நடுவரிசைக்குச் சற்று முன்னே குறிவைத்தல் நலம். எனினும் எஃப் 8-இல் நுழையும் ஒளி, எஃப் 2-இன் 16-இல் ஒரு பங்கே. ஆகவே இருண்ட கூடத்தை விடுத்து, வெளிச்சமுள்ள முற்றத்து நிழலை நாடவேண்டும்.

வரிசையைப் பிறைபோல் வளைக்க வேண்டுமென்பாரும் உளர். 1840-இல் பெட்ஸ்வால் அமைத்த வில்லையின் கூர்மைத்தளம் வளைந்திருந்தமையால் அதற்கு அம்முறை பொருந்தும். இக்காலத்து வில்லைகளில் அத்தளம் ஏறக்குறையத் தட்டையானது, நேர்வரிசையே ஏற்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வேறொரு சங்கடம் நேரும். அங்குள்ளோர், பதினொரு நிலைக் கோபுரமும் உடன் விழவேண்டும் என்பர். அதன் உச்சிவரை அடக்கப் பின்னே செல்லச் செல்ல, மாந்தர் முகம் கடுகாய்ச் சிறுக்கும். யான் அவர்களை நெருங்கி, முகங்களுக்கே குறிவைப்பேன். கோபுரம் சற்று மங்கினும் குறையில்லை. கோபுரத்தை நாளையும் எடுக்கலாம். இவ்வத்தனை பேரும் நாளை ஒருங்கே நில்லார்.

நடுநாற்காலியில் அமர்வோரைப் படமெடுக்கப் பலர் வருவர். கடைவரிசையின் ஓரத்தில் நிற்பார்க்கு அதுவே ஒரே படமாதல் கூடும். ஆதலின், நண்பர்காள், பொத்தானை அழுத்துமுன் நும் கண் முதலில் அவர்பாற் செல்க.